பரஸ்தானம் வைத்த வண்டி

அடையாற்றில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், அப்புறம் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பழைய வேன். இதை எழுதச் சொல்லி என் தங்கை பெண் ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். மறக்க முடியாத அனுபவமாம். மறக்க முடிந்தால் நான் மறக்கமாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்?

என் கணவர் சர்க்கார் இலாகா ஒன்றில் பிரசார வண்டி ஆபரேட்டராக இருந்தார். வேனை ஓட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போக வேண்டும். சாவடி எதிரில் வெள்ளைத் திரையைக் கட்டி, மலேரியா கொசு, நெல் நாற்று, சிறு குடும்பம் என்று படம் காட்ட வேண்டும். எங்களுக்குக் குழந்தை கிடையாது. ஊரெல்லாம் மைக்கில் 'ரெண்டு போதும்' என்று சொல்லிவிட்டு வருகிறவர் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, இருந்தாலும் அவருக்காகச் சிரித்து வைப்பேன்.

மாதத்தில் பாதி நாள் வெளியூர். திரும்பி வந்தால் பெட்டியை வைப்பதற்கு முன்னாலேயே கதை ஆரம்பமாகிவிடும். திருச்செந்தூரில் அலை எப்படி அடிக்கிறது, தஞ்சாவூர்க் கோபுரம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது, கன்னியாகுமரியில் மூன்று கடலும் எப்படி மூன்று நிறமாக இருக்கிறது. படம் முடிந்தால் ஜனங்கள் எழுந்திருக்கவே மாட்டார்களாம். வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். "நான் மைக்குல 'ஆச்சு, எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ'ன்னு சொல்லிண்டே திரையை அவுக்க ஆரம்பிச்சாத்தான்டி நகருவா" என்பார். நான் அரிசி களைந்துகொண்டே 'ம்' கொட்டுவேன். மனசுக்குள் மட்டும் புகையும். நான் மயிலாப்பூரில் பிறந்து மாம்பலத்தில் வாழ்க்கைப்பட்டவள். நடுவில் தேனாம்பேட்டை. அவ்வளவுதான் நான் பார்த்த பூமி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை திருப்பதி போனதைச் சேர்த்தால் ஒரு மலை. படுக்கையில் கிடந்த மாமியாரை விட்டுவிட்டு நான் எங்கே போவது? சர்க்கார் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகத்தான் முடியுமா?

"ரிட்டையர் ஆகட்டும்டி. உன்னை ஒரு க்ஷேத்திரம் பாக்கி இல்லாம இழுத்துண்டு போறேன்" என்பார். எல்லாப் புருஷர்களும் சொல்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து ஆனது. அதே வருஷம் அந்த வண்டிக்கும் வயதாகிவிட்டது என்று இலாகாவில் ஏலம் போட்டார்கள். மனுஷர் ஒரு வார்த்தை என்னைக் கேட்காமல் ஏலத்தில் எடுத்துவிட்டார். ஒருநாள் மத்தியானம் சந்துக்குள் அது உறுமிக்கொண்டு வந்து நின்றது. நான் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். மேலே குழாய் ஸ்பீக்கர், பக்கவாட்டில் பாதி அழிந்த கொசுப் படம், உள்ளே சிரித்துக்கொண்டு இவர். "இதுல படுத்துக்கலாம், சமைச்சுக்கலாம், எங்க வேணும்னா நிறுத்திக்கலாம். ஓட்டலுக்கும் சத்திரத்துக்கும் யார் போறது?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் புளி இரண்டு மடங்காகிவிட்டது.

தெருவே சிரித்தது. சர்க்கஸ் வண்டி என்றார்கள், கொசு வண்டி என்றார்கள். சைதாப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து தினமும் இரண்டு பேருமாக எதையாவது அறுத்துக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். "இன்னா அய்யரே, மன்சங்க வூடு கட்டி அதுல வண்டி வுடுவாங்கோ, நீங்க வண்டியில வூடு கட்டிக்கினு கீறீங்கோ" என்று அந்த ஆள் கிண்டல் பண்ணுவான். ஆனால் வேலையில் சுத்தம். புரொஜெக்டர் மேடை கட்டிலானது. மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு தகரத் தொட்டி, தண்ணீருக்குக் குழாய் வைத்த டிரம், சுவாமி படத்துக்கு ஒரு மாடம். கறுப்புக் கரை போட்ட பழைய திரைத் துணியை வெட்டி நான்தான் திரைச்சீலை தைத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன்.

படம் காட்டுகிற வண்டி என்பதால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். "நேராப் பாரு, அசையாதே" என்று சொல்லிவிட்டு, என் கண் உயரத்துக்குத் தகரத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். மறுநாள் அந்தக் கட்டத்தை அறுத்து ஜன்னல் வைத்துவிட்டார். "நான் பார்த்தாச்சு. இனிமே நீ பாரு" என்றார். அதற்கப்புறம் நான் வண்டியைத் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை.

ஒத்திகை பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் எலியட்ஸ் பீச்சுக்குப் போனோம். கிளம்புகிற நேரத்தில் வழக்கம்போல வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். நான் வழக்கம்போல "இதோ" என்றேன். எங்கள் கல்யாண நாளிலிருந்து இதே பாட்டுதான். அவர் வாசலில் நின்று "ஆச்சா? ஆச்சா?" என்பார். நான் உள்ளே கழுவின டம்ளரைக் கவிழ்த்து, பாலை மூடி, பூட்டைத் தேடி, புடவையை ஒரு தடவை சரிபார்த்து வருவதற்குள் அவர் தெருக்கோடிக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்துவிடுவார். 'ஆச்சு' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'இதோ'தான்.

கடற்கரையில் வண்டியை மணலோரம் நிறுத்தினார். என் ஜன்னலுக்கு நேராகக் கடல். உப்புமா கிண்டினேன். உப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். "கடல் பக்கத்துல உக்காந்துண்டு உப்புக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே அந்த உப்பில்லாத உப்புமாவை இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். நாங்கள் இரண்டு பேரும் அந்த வண்டியில் ஊர் பார்க்கப் போனது அந்த ஒரு தடவைதான்.

கன்னியாகுமரியில் ஆரம்பிப்பது என்று முடிவானது. அங்கேதான் சிக்கல். என் தங்கையின் மூத்த பெண்ணுக்கு மயிலாப்பூரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடியாமல் கிளம்ப முடியாது. முடிந்த மறுநாள் வியாழக்கிழமை, தெற்கே சூலம். அதற்கப்புறம் அஷ்டமி, நவமி, அப்புறம் மாதக் கடைசி. என் கணவருக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட வராது. ராகு காலத்தில் புரொஜெக்டரைப் போடமாட்டேன் என்று கலெக்டரையே காக்க வைத்தவர். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு பேர் எதிரில் கேலி பண்ணுவேன்.

"நல்ல நாள் கல்யாணத்துக்கு முன்னாடியே வரது. அன்னிக்குப் பரஸ்தானம் வச்சுடறேன்" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல வேளை ஒன்று இருக்கிறது, ஆனால் அப்போது கிளம்ப முடியவில்லை. அந்த வேளையில் நம் குடையையோ துணி மூட்டையையோ கொண்டுபோய், போகிற திசையில் யார் வீட்டிலாவது வைத்துவிடுவார்கள். சாமான் போய்விட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகத்தான் கணக்கு. அப்புறம் சௌகரியப்பட்ட நாளில் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் யாத்திரை ரத்து.

எல்லாரும் எதிர்வீட்டில் குடையை வைப்பார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "வண்டியில போறவன் வண்டியைன்னா வைக்கணும்! பாலத்தைத் தாண்டித் தெக்க வச்சுட்டா இன்னும் விசேஷம்."

தலையில் அடித்துக்கொண்டு நானும் ஏறினேன். பழைய பாலத்தைத் தாண்டி அடையாற்றுக்குப் போனோம். அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கையைத் தெரியாது. காந்தி நகரில் தெருத்தெருவாகச் சுற்றி, பெரிய காம்பவுண்டும் பலா மரமுமாக இருந்த ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். எனக்குக் கூச்சத்தில் உயிர் போயிற்று. வெளியே வந்த அம்மாளுக்கு ஏறக்குறைய எங்கள் வயதுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், தனியாக இருந்தார். வண்டியைக் கொஞ்ச நாள் உங்கள் மரத்தடியில் பரஸ்தானம் வைக்கலாமா என்று இவர் கேட்டார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரிப்பேரா?"

"இல்லேம்மா, நன்னா ஓடறது."

"பெறகு என்னத்துக்கு இங்க நிறுத்துதிய?"

"யாத்திரை கிளம்பியாச்சு. அதான்."

"எங்க கிளம்பியாச்சு? நீங்க ரெண்டு பேரும் இங்கதான நிக்கிய?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னியாகுமரிக்குப் போகிறோம் என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். அவ்வளவுதான், அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊருக்கா போறிய? நாகர்கோவில்தான் எனக்கு. இத மொதல்லயே சொல்லக் கூடாதா? தாராளமா நிறுத்திக்கிடுங்க மாமி" என்று கதவை இரண்டு பக்கமும் தானே திறந்துவிட்டார். இவர் சரியான வேளை பார்த்து வண்டியை மரத்தடியில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் வீடு திரும்பினோம். வழியெல்லாம் அவருக்கு ஒரே சந்தோஷம். "நாம இப்போ ஆத்துல இல்லேடி. கிளம்பிட்டோம்" என்று அடிக்கடி சொன்னார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். மயிலாப்பூர்ச் சத்திரத்தில் கல்யாணத்தன்று காலையில் மைக் செட் கரகர என்று இரைந்தது. அந்த ஆள் திணறிக்கொண்டிருந்தான். என் கணவருக்குக் கை சும்மா இருக்குமா? வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒயரைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். நான் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ "ஐயோ, கரண்டு! கரண்டு!" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் கிடக்கிறார், கையில் ஒயர்.

ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து ஒருத்தரும் அவரைத் தொடவில்லை. "தொடாதீங்கோ, தொட்டா நமக்கும் அடிக்கும்" என்று கூட்டம் வட்டமாக நின்றது. ஒருத்தர் மெயினை அணைக்க ஓடினார், ஒருத்தர் மரக்கட்டை தேடினார். என் தங்கை புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. விளக்கெல்லாம் அணைந்த பிறகுதான் கிட்டே போனோம். ஷாக்கே இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம். நாகஸ்வரக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அது என்ன வார்த்தை என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

"ஆச்சா?"

தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆச்சா, வலித்தாலும் ஆச்சா, ஈ உட்கார்ந்தாலும் ஆச்சா. சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றுவிடும், பேச்சு திரும்பினாலும் திரும்பலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் எதிரில் உட்கார்ந்து குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல, "காப்பி சொல்லுங்கோ, கா-ப்-பி" என்பேன். உதடு கூடும், கண் உருளும், பாடாய்ப் பட்டு முயற்சி பண்ணுவார். கடைசியில் "ஆச்சா?" என்றுதான் வரும். வந்ததும் அவர் கண்ணில் தெரிகிற தோல்வி இருக்கிறதே, அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஆளைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, துணி மாற்றி, மறுபடி புரட்டி, மாதக்கணக்கில் அதுதான் என் வாழ்க்கை. மாமியாருக்குச் செய்து முடித்த கையோடு புருஷனுக்கு. ஒருநாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருக்கும்போது "ஆச்சா? ஆச்சா?" என்று விடாமல் கேட்டார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. டம்ளரைச் சுவரில் விட்டெறிந்து, "ஆகலை! ஒண்ணும் ஆகலை! ஒரு மண்ணும் ஆகலை!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டாள். அவர் மலங்க மலங்க விழித்துவிட்டு, பாதி வாயால் சிரித்து, "ஆச்சா?" என்றார். சுவரில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் அந்த வண்டி. "ராசியில்லாத வண்டி, வித்துத் தொலையுங்கோ. இல்லேன்னா ஆத்துக்காவது கொண்டு வந்து நிறுத்துங்கோ. யாரோ வீட்டுல எத்தனை நாள்?" என்று தங்கை புருஷன் வருகிறபோதெல்லாம் சொல்லுவார். நான் முடியாது என்றேன். பரஸ்தானத்துக்கெல்லாம் கெடு உண்டு, அது எப்போதோ தாண்டிவிட்டது என்று எனக்கே சாஸ்திரம் சொன்னார். "வியாதி கெடு பார்த்துண்டா வந்தது மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

பஞ்சாங்கத்தைக் கேலி பண்ணினவள் நான்தான். ஆனால் அந்த வண்டி அடையாற்றில் நிற்கிற வரைக்கும் நாங்கள் கிளம்பிவிட்டவர்கள். நடுவில் எங்கேயோ தங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் இவர் இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சிரிப்பதானால் சிரியுங்கள். மூழ்கிக்கொண்டிருக்கிறவளுக்கு எந்தத் துரும்பாக இருந்தால் என்ன?

வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டு மாமியை அவரிடம் உட்கார வைத்துவிட்டு அடையாற்றுக்கு பஸ் ஏறுவேன். வண்டியைத் துடைப்பேன், டிரம்மில் தண்ணீர் மாற்றுவேன், சுவாமிக்கு ஒரு பூ வைப்பேன். மெக்கானிக்கும் அவ்வப்போது வந்து இஞ்சினை ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "வண்டி சோக்கா கீது மாமி. அய்யரு ஏந்து வர்ற வரிக்கும் நான் பாத்துக்கறேன்" என்று போவான். அந்த டீச்சரம்மா ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. சருகு விழாமல் வண்டி மேல் பாய் போட்டு வைத்திருப்பார், எனக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார், இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார். கிளம்புவதற்கு முன் என் முக்காலியில் ஐந்து நிமிஷம் உட்காருவேன். ஜன்னலுக்கு நேரே காம்பவுண்டுச் சுவர், அதில் பாசி. அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நேரே அடையாற்றுக்குப் போய் டீச்சரம்மா எதிரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "கன்னியாகுமரி வரைக்கும் தாங்காது மாமி. மகாபலிபுரம் வரைக்காவது கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்ட மனுசன், கடக்காத்து படட்டும். நானும் கூட வாரேன்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது தோன்றியது.

பஞ்சாங்கத்தை நானே எடுத்து நாள் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல்தான். எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டினேன். உப்பை மறக்கவில்லை. டாக்சியில் அவரைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போது மனசு அடித்துக்கொண்ட வேகம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இருக்காது. அந்த மெக்கானிக்கும் டீச்சரம்மாவுக்குப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரரும் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கி, வண்டிக்குள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டீச்சரம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மெக்கானிக் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தான். நான் என் முக்காலியில், அவர் தலைமாட்டில்.

அவர் மெதுவாகக் கண்ணைச் சுழற்றிப் பார்த்தார். அடுப்பு, டிரம், சுவாமி மாடம், ஜன்னல். இடது கையை நீட்டித் திரைச்சீலையின் கறுப்புக் கரையைத் தொட்டார். அடையாளம் தெரிந்துவிட்டது. கண்ணிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது. எனக்கு அது போதும் போல இருந்தது. அவர் காதருகே குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கேட்டேன்.

"ஆச்சா? கிளம்பலாமா?"

என்னைப் பார்த்தார். உதடு கூடியது.

"ஆச்சு" என்றார்.

அத்தனை மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த இரண்டாவது வார்த்தை. "அய்யரு பேசிட்டாரு மாமி! பேசிட்டாரு!" என்று மெக்கானிக் கத்திக்கொண்டே இஞ்சினைக் கிளப்பிவிட்டான். டீச்சரம்மா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கையைக் கூப்பினார். நானும் சிரித்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இந்த உலகத்தில் என்னைவிடப் பாக்கியசாலி யாரும் இல்லை என்று இருந்தது. வண்டி நகர்ந்து கேட்டைத் தாண்டியது.

அப்புறம்தான் அவர் கையைக் கவனித்தேன். திரைச்சீலையை விலக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கொக்கியை விரலால் தடவித் தடவிக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றினார். அடுத்ததுக்குப் போனார். துணி தளர்ந்து என் மடியில் விழுந்தது. அதை ஒரு கையால் சுருட்டப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. வேலை முடிந்த களைப்பு மட்டும் இருந்தது. முப்பது வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி நான் கேட்டதுதானே? படம் முடிந்தும் எழுந்திருக்காத ஜனங்களிடம் அவர் சொல்வது. ஆச்சு, எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ.

கிளம்பலாம் என்று அவர் சொல்லவில்லை. முடிந்தது என்று சொன்னார்.

"நிறுத்துப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்தினேன். மெக்கானிக் பிரேக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமி? இன்னா ஆச்சு?" என்றான். "ஆத்துக்குப் போயிடலாம்ப்பா. திருப்பிக்கோ" என்றேன். அவன் டீச்சரம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் என் மடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்.

வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்களே, அதை நானேதான் செய்தேன். தெற்கே போக வேண்டிய வண்டி வடக்கே திரும்பியது. பாலத்தில் ஏறும்போது அவர் என் மடியில் சுருட்டின துணிமேல் கையை வைத்துத் தூங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்க்கத்தானே அதை வெட்டிக் கொடுத்தார்? மயிலாப்பூர் வந்தது. தேனாம்பேட்டை வந்தது. பாண்டி பஜாரில் புடவைக் கடை வாசலில் கூட்டம். அப்புறம் மாம்பலம், எங்கள் சந்து. கட்டின எலுமிச்சஞ்சாதத்தைப் பிரிக்காமலே பசுமாட்டுக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'ஆச்சா'வும் வரவில்லை, 'ஆச்சு'வும் வரவில்லை. நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன். அந்த ஒரு வார்த்தைக்காகவா டம்ளரை விட்டெறிந்தோம், அது இப்போது ஒரு தடவை கேட்காதா என்று ஏங்கினேன். சில வாரங்கள்தான். ஒருநாள் காலையில் பால் காய்ச்சிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அவசரப்படுத்தாமல், வாசலில் நின்று குரல் கொடுக்காமல், முதல் தடவையாக என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டார்.

வண்டியைத் தங்கை புருஷனே யாருக்கோ விற்றுக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து பாண்டி பஜாரில் அதைப் பார்த்தேன். மேலே அதே குழாய் ஸ்பீக்கர், புதுப் பெயிண்ட். லாட்டரி வண்டியாகிவிட்டது. உள்ளே ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு என் ஜன்னல் வழியாகச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார். குலுக்கல் நாளைக்கு, இன்றைக்கே வாங்குங்கள் என்று ஸ்பீக்கர் கத்தியது. நான் எதிர்ப்பக்கம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன். சீட்டு வாங்க வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து பணம் நீட்டினார்கள். உட்கார்ந்தால் என் கண் உயரம் அவ்வளவுதான்.

டீச்சரம்மா இன்றைக்கும் ஒவ்வொரு கோடைக்கும் நாகர்கோவில் போகும்போது கூப்பிடுகிறார். "வாங்க மாமி, ரயில்ல போயிட்டு வருவோம், கடலைப் பாத்துட்டு வருவோம்" என்கிறார். பார்க்கலாம் என்கிறேன். போகப்போவதில்லை. மூன்று கடலும் எந்தெந்த நிறம் என்று எனக்குத்தான் தெரியுமே, அவர் சொல்லியிருக்கிறாரே.

இப்போதெல்லாம் தங்கை வீட்டிலிருந்து கோவில், கல்யாணம் என்று கூப்பிட்டால், அவர்கள் வருவதற்கு ரொம்ப நேரம் முன்பே புடவை மாற்றி, பாலை மூடி, கதவைப் பூட்டி, பையும் கையுமாக வாசலில் வந்து நின்றுவிடுகிறேன். இவ்வளவு சீக்கிரமாக எனக்கு எல்லாம் ஆகிவிடுகிறது. ஆச்சா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.